அச்சகத்துக் கணினியின் காய்ச்சல்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் கணினி திருத்தும் கடைக்கு ஒருமுறை போயிருந்தேன். ஓய்வு பெற்ற ஆள் பழைய கடைக்குப் போனால் நாற்காலி தருவார்கள், தேநீர் தருவார்கள், ஸ்குரூ டிரைவரை மட்டும் தரமாட்டார்கள். ஆகவே சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மேசைமேல் ஒரு புதுக் கணினி இருந்தது. அதன் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, நீலம், பச்சை, ஊதா என்று வெளிச்சம் மாறி மாறி அடித்தது.

"மீனைக் காணல்லயே?" என்று கேட்டேன்.

இப்போது என் இடத்தில் வேலை பார்க்கும் தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். அது மீன் தொட்டி இல்லையாம். புரொசெசரைக் குளிர வைக்கிற தண்ணீராம்.

"உங்கட காலத்தில சூடேறினா என்ன அக்கா செய்தீங்க?"

"ஒரு காத்தாடி, ஒரு பயறளவு பேஸ்ட், அப்புறம் தில்லையம்பலம் ஐயா" என்றேன்.

முதல் இரண்டும் அவளுக்குத் தெரியும். மூன்றாவதை அவள் பார்த்ததில்லை. "அப்ப எழுதித் தாங்கோ" என்றாள். எழுதுகிறேன்.

கணினி தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். புரொசெசர் என்பது கணினியின் மூளை. பிஸ்கட் ஒன்றின் அளவுதான் இருக்கும், ஆனால் வேலை கூடினால் அடுப்புத் தட்டு மாதிரிச் சூடேறும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதன் தலையில் அலுமினியக் கட்டி ஒன்றை அமர்த்துவார்கள். அதற்கு ஹீட் சிங்க் என்று பெயர். அதன் மேல் ஒரு காத்தாடி. மூளைக்கும் கட்டிக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் ஒருவகைப் பேஸ்ட்டை மெல்லிதாகப் பூசவேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் சூடு தலைக்கேறும். எரிந்துபோவதற்கு முன்னால் கணினி தானாகவே அணைந்துவிடும். மனிதர்களில் பலருக்கு இல்லாத நல்ல பழக்கம்.

தில்லையம்பலம் ஐயா என் முதலாளி. ரேடியோ திருத்துவதில் தொடங்கி, தொலைக்காட்சி வழியாகக் கணினிக்கு வந்தவர். மற்றவர்கள் பேனை குத்தும் சட்டைப் பையில் அவர் ஒரு சின்னத் தூரிகையைக் குத்தியிருப்பார். வேலை கேட்டு நான் போனபோது என் டிப்ளோமாவை வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, "நல்ல தடிப்பான கடதாசி" என்று சொல்லித் திருப்பித் தந்தார். மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார். தொடக்க வருடங்களில் நான் கற்றதெல்லாம் தூசி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீடுகளின் தூசி உப்புக் காற்றில் பிசுபிசுத்திருக்கும். கிராண்ட்பாஸ் பகுதி மில்காரர் கொண்டுவரும் கணினியைத் திறந்தால் மிளகாய்த்தூள் பறக்கும், தும்மிக்கொண்டேதான் திருத்தவேண்டும். கொட்டாஞ்சேனை அச்சகங்களின் தூசி வெள்ளை வெளேரென்று பஞ்சு போல் இருக்கும், காகிதத் தூசி.

ஐயா ஒரு கணினியையும் எடுத்தவுடனே திறக்கமாட்டார். முதலில் புறங்கையைப் பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் வைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு உரிமையாளரிடம் கேள்வி. எப்போது நிற்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள். வாடிக்கையாளரிடம் பொய் சொல்வது எங்கள் கடையில் பெரும் குற்றம். ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிடவும் கூடாது. "கேட்டதுக்குப் பதில், கேளாததுக்குப் பிளேன்டீ" என்பது அவர் வாக்கு. கேட்காததைச் சொல்ல வாய் வந்தால், பால் விடாத தேநீரைக் குடித்து வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்று பொருள்.

அந்தக் கேள்விகளின் அருமையைப் பற்பசைக்காரரிடம் கண்டேன். கடற்கரை ஒழுங்கை ஒன்றில் குடியிருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அவர். கணினி அடிக்கடி நிற்கிறது என்று தொலைபேசியில் சொன்னார். "பேஸ்ட் காய்ஞ்சிருக்கும் சேர், புதுசாப் பூசினாச் சரி" என்றேன். மூன்று வாரம் கழித்து அவரே வந்துவிட்டார், கணினியைக் குழந்தை போல் அணைத்துக்கொண்டு.

"நீங்க சொன்ன மாதிரிச் செய்தனான் பிள்ளை. ரெண்டு கிழமை அருமையா ஓடினது. பிறகு திரும்ப நிக்குது."

காத்தாடியைக் கழற்றினேன். கடை முழுவதும் புதினா வாசம். புரொசெசர் வெள்ளையாகப் பூத்துப்போய், சுண்ணாம்பு போல் உதிர்ந்தது. நான் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐயா முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"காலையில மட்டுமோ, இரவிலயும் பூசினனீங்களோ?" என்று கேட்டார்.

"ஒருக்காத்தான் பூசினனான்" என்றார் அந்தப் பெரியவர், பயந்துபோய்.

இனிச் சொல்லப்போவதுதான் என் வேலைக்காலத்தில் மறக்கமுடியாத வழக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருந்த ஸ்டீபன் தொலைபேசி எடுத்தார். கலியாண அட்டை, பூப்புனித நீராட்டு அட்டை, செத்தவர்களுக்கு நினைவு மலர் எல்லாம் அடிப்பவர். நானும் கொட்டாஞ்சேனைக்காரி, ஒரே மாதா கோயில் பங்கு, ஆகவே பழக்கம்.

"புளோரா மிஸ், உடனே வாங்க. மெஷின் நின்னு நின்னு போகுது. வந்திருக்கிறவங்க ஐயரைக் கூப்பிடப் போறாங்க. ஐயருக்கு முன்னாடி நீங்க வந்துருங்க."

ஐயா இந்தச் செய்தியைக் கேட்டதும் தானே எழுந்து கருவிப் பெட்டியைத் தூக்கினார். முச்சக்கர வண்டியில் போய் இறங்கினோம்.

அச்சகத்தில் பின்பக்கம் அச்சு இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் முன்னறையின் மேசையும் அதன்மேல் இருந்த கணினியும் சேர்ந்து குலுங்கின. கணினியைச் சுற்றி மூன்று பேர். பிளாஸ்டிக் கதிரையில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா. பக்கத்தில் அவருடைய மகன் கணேசன், நாற்பது வயது மதிக்கலாம், நெற்றியில் விபூதி, முகத்தில் கடுகடுப்பு. மூன்றாமவர் கணேசனின் சித்தப்பா. வெள்ளவத்தைக்காரர்கள். இறந்தவர் அந்த அம்மாவின் கணவர் சிவஞானம். முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அன்றைக்கு வருகிறவர்களுக்கு நினைவு மலர் கொடுக்கவேண்டும். அதற்கு இன்றைக்கே அச்சுக்குப் போகவேண்டும்.

சிவஞானம் கோபத்துக்குப் பேர்போனவராம். தபால்காரன்கூட மணியை அடித்துவிட்டு ஓடிவிடுவானாம். இதைச் சித்தப்பா பெருமையோடு சொன்னார்.

"மற்றப் பக்கமெல்லாம் ஓடுதோ?" என்று ஐயா ஸ்டீபனைக் கேட்டார்.

"தேவாரம் ஓடுது, வாழ்க்கை வரலாறு ஓடுது, நன்றி நவிலலும் ஓடுது. இந்தப் பிள்ளையைத் தொட்டாத்தான் நின்னுடுது."

ஸ்டீபன் திரையைக் காட்டினார். சிவஞானத்தின் மணிவிழாவில் எடுத்த குடும்பப் படம். நடுவில் அவர், ஒரு பக்கம் அம்மா, அதற்கு அப்பால் கணேசன். மறுபக்கம் அவர்களுடைய மகள் வத்சலா. அப்பாவின் கை அவள் தோளில் இருந்தது. மணிவிழா முடிந்து சில மாதங்களில் அவள் வத்தளையிலுள்ள கத்தோலிக்கப் பையன் ஒருவனைத் தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்துகொண்டாள். அதன்பிறகு வீட்டுக்கு வரவில்லை. வரவிடவில்லை என்பதே சரி. இருக்கும் நல்ல படம் இது ஒன்றுதான். அதிலிருந்து வத்சலாவை அழித்து, அந்த இடத்தில் பின்னாலிருக்கும் திரைச்சீலையை நீட்டிவிட வேண்டும் என்பது கணேசனின் கட்டளை.

"இடுப்பு வரைக்கும் அழிச்சிட்டேன் மிஸ், டக்குனு நின்னுரிச்சு. திரும்பப் போட்டா அந்தத் தங்கச்சி முழுசா நிக்கிறாங்க. நாலு தரம் இப்படி. அதோட, அவங்களை அழிச்சா அவங்க அப்பாவோட கை மட்டும் அந்தரத்துல தொங்குது. அதுக்குக் கீழ ஒரு பூச்சாடி வைக்கலாமுன்னு பார்த்தேன்."

"அண்ணர் பூச்சாடியில கை வச்சுக்கொண்டு நிக்கிற ஆளில்ல" என்றார் சித்தப்பா.

அப்போது அம்மா, யாரையும் பார்க்காமல், "அழிக்கிறது அவருக்கு விருப்பமில்ல" என்று மட்டும் சொன்னார்.

"அம்மா, சும்மா இருங்கோ" என்றார் கணேசன். ஆனால் அவர் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

ஐயா குனிந்து புறங்கையை வைத்தார். "நல்ல சூடு" என்றார்.

"நான் சொன்னன் தானே!" சித்தப்பா துள்ளி எழுந்தார். "அண்ணற்ற கோவம்!"

"சூடு எண்டுதான் சொன்னனான்" என்றார் ஐயா.

படத்தைத் திறந்து ஸ்டீபனிடம் அழிக்கச் சொன்னார். ஸ்டீபன் எலியை, அதாவது மவுஸை, பிடித்தார். வத்சலாவின் சேலைக் கரை மறையத் தொடங்கியது; காத்தாடி இரைந்தது; திரை கறுத்தது. சித்தப்பா இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத் தகட்டைக் கழற்றினேன். வெள்ளைத் தூசி பஞ்சுமெத்தை போல் அடைந்திருந்தது. தூரிகையால் தட்டி, ஊதி எடுத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. ஹீட் சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் கால்கள் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு பிடித்திருக்கும். அதில் ஒன்று முறிந்திருந்தது, அச்சு இயந்திரம் குலுக்கிய குலுக்கில். கட்டி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு, மூளையை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தது. படமோ, கணேசனின் நண்பர் ஒருவர் சுவரில் ஒட்டும் அளவுக்கு ஸ்கேன் செய்து கொடுத்த படம். அதில் ஓர் ஆளை அழித்துத் திரைச்சீலை நெய்வது புரொசெசருக்கு மூச்சுமுட்டும் வேலை. தேவாரம் தட்டச்சுச் செய்வதற்கு அவ்வளவு மூளை வேண்டியதில்லை.

கட்டியைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கத் தொடங்கினேன். சித்தப்பா ஐயருக்குத் தொலைபேசி எடுக்க வெளியே போனார். கணேசன் ஸ்டீபனோடு பின்னறைக்குக் கடதாசி பார்க்கப் போனார். அம்மா கதிரையை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுதானோ பிள்ளை, இதின்ர மூளை?"

"ஓம் அம்மா."

"இவ்வளவு சின்னனா! இதுக்கோ இவ்வளவு சூடு?"

"அதுக்குத்தான் மேல விசிறி இருக்கு."

"அவருக்கு விசிறி நான்தான்" என்றார் அம்மா. பிறகு பின்னறையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாசம் மாசம் வத்தளைக்குப் போறவர். அங்க ஒரு நல்ல பல் டொக்டர் இருக்கிறாராம். போயிட்டு வந்து, மூண்டு நாளைக்குச் சந்தோசமா இருப்பார். பிள்ளை, அவற்ற வாயில சொந்தப் பல்லு ஒண்டுகூட இல்ல."

துணி என் கையில் அப்படியே நின்றது. ஐயா பெட்டிக்குள் எதையோ தேடுவது போல் குனிந்திருந்தார், ஆனால் தேடவில்லை.

"மகனிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே அம்மா?" என்றேன்.

"சொல்லலாம். வீட்டுக்குள்ள விடாத எண்டு கத்தின மனுசன், தானே களவாப் போய் வந்தவர் எண்டு செத்தாப்பிறகு நான் காட்டிக் குடுக்கிறதோ?"

பின்னறையில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா கதிரையைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

மிச்ச வேலையைச் செய்தேன். மூளையின் நடுவில் ஒரு பயறளவு பேஸ்ட். விரலால் தேய்க்கக் கூடாது. கட்டியை நேராக இறக்கினால் அதுவே பரவிக்கொள்ளும். கால்களை மூலைக்கு மூலை எதிராக அழுத்தவேண்டும்; ஒவ்வொன்றும் "டிக்" என்று சொல்லவேண்டும். மூன்று கால் சொன்னது. நான்காவது இடத்தை ஐயா நைலோன் நாடாவால் இறுக்கிக் கட்டினார். கணினியை இயக்கிச் சூட்டைப் பார்த்தோம். சாதாரண வேலைக்குப் போதும்.

எல்லோரும் கூடினார்கள். ஐயா கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு கால் முறிஞ்சு போச்சு. இப்போதைக்குக் கட்டி விட்டிருக்கிறன். நாளைக்குப் புளோரா வந்து புதுசு போடுவா. இண்டைக்கு இந்த மெஷினில மலர் முழுக்கச் செய்யலாம், அச்சுக்கும் அனுப்பலாம். இந்தப் படத்தில இருந்து அந்தப் பிள்ளையை அழிக்க மட்டும் ஏலாது."

 அந்தக் கால்கள் எங்கள் கடை இழுப்பறையில் ஒரு பை நிறையக் கிடந்தன. போய் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடலாம்.

"ஐயா, கடையில..." என்று வாயெடுத்தேன்.

"புளோரா, பிளேன்டீ ஆறுது. குடி" என்றார் ஐயா.

குடித்தேன்.

"நிச்சயமா ஏலாதோ?" என்று கேட்டார் கணேசன்.

"செய்து பாருங்கோ."

ஸ்டீபன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எலியைப் பிடித்தார். வத்சலாவின் தோளில் இருந்த அப்பாவின் விரல்களுக்குக் கிட்டப் போனதும் காத்தாடி கத்தியது. திரை கறுத்தது. பின்னறையில் அச்சு இயந்திரமும் அந்த நேரம் பார்த்து ஒரு தாள் சிக்கி நின்றது. அச்சகமே நிசப்தம். ஸ்டீபன் எலியை விட்டுவிட்டு எழுந்து தூரப்போய் நின்றார்.

கணேசன் வெளியே இறங்கித் தெருவில் போனார். நாங்கள் காத்திருந்தோம். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை, வாசலில் நின்று கத்தினார். "தம்பி, அண்ணர் சொன்னாக் கேள்! நாளைக்கு வீட்டில வந்து லைற்றை அணைச்சாரெண்டா என்ன செய்வாய்?"

கணேசன் திரும்பி வந்தார். "சரி, அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "அப்ப அவளுக்கும் சொல்லவேணும் தானே. படத்தில நிக்கிறவள் வீட்டில நிக்காட்டிச் சனம் என்ன கதைக்கும்?"

கணேசன் கைபேசியை எடுத்தார். அவளுடைய எண் அவரிடம் இருந்தது, யாரிடமும் கேட்கவில்லை.

"ஹலோ... நான் அண்ணா." நீண்ட இடைவெளி. "ஓம், அண்ணாதான். அழாத. ஞாயிற்றுக்கிழமை வா. வெள்ளண வா, வேலை கிடக்கு." இன்னோர் இடைவெளி. "அவரையும் கூட்டிக்கொண்டுதான்." தாயைத் திரும்பிப் பார்த்தார். "சாப்பாடு மரக்கறி எண்டு சொல்லி வை. பிறகு மீன் இல்லையெண்டு முகத்தைத் தூக்கக் கூடாது."

அம்மா அப்போதுதான் அழுதார். ஸ்டீபன் அவருக்குத் தேநீர் கொடுத்தார். சித்தப்பா ஐயருக்கு மறுபடி தொலைபேசி எடுத்து, வரவேண்டாம், விஷயம் முடிந்தது என்றார்.

திரும்பி வரும் வழியில் முச்சக்கர வண்டியில் ஐயாவிடம் கேட்டேன். "பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்வீங்களே ஐயா?"

"எது பொய்?"

"கால் கடையில இருக்கே."

"கடையில இருக்கோ எண்டு ஆராவது கேட்டவையோ?"

"படத்தைச் சின்னதாக்கியிருந்தாலும் வேலை முடிஞ்சிருக்குமே?"

"அதையும் ஒருத்தரும் கேக்கேல்ல" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த தூரிகையை எடுத்துத் தூசி தட்டினார். முகத்தில் ஒரு பளபளப்பு.

மறுநாள் போய்ப் புதுக் காலைப் பொருத்தினேன். மலர்கள் அச்சாகி, மையின் ஈரம் காயாமல் அடுக்கியிருந்தன. ஒன்றைப் புரட்டினேன். வத்சலா அப்பாவின் கைக்குக் கீழே சிரித்துக்கொண்டு நின்றாள்.

பல வருடங்கள் கழித்து, ஐயா வேலையை விட்டு நான் பொறுப்பில் இருந்த நாளில், கணேசன் கடைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு கணினி. தங்கச்சி மகனுடையது, விளையாடி விளையாடிச் சூடாக்கிவிட்டான் என்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, நான் அதைத் திறக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், அந்தக் கொட்டாஞ்சேனைத் தெருவில எத்தனை அச்சகம் இருந்தது?"

"யாரு எண்ணினா? வாசலுக்கு வாசல் இருந்துச்சு."

"எல்லாத்திலயும் கம்பியூட்டர் இருந்தது தானே. அந்தப் படம் பென் டிரைவில என்ர பொக்கற்றுக்குள்ளதான் கிடந்தது. வெளியில இறங்கி அடுத்த கடை வாசல் வரைக்கும் போனனான். உள்ளுக்க ஒரு பெடியன் சும்மா இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். குடுத்திருந்தாப் பத்து நிமிசத்தில முடிச்சுத் தந்திருப்பான்."

நான் கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். "பிறகு?"

"சித்தப்பா வாசலில நிண்டு, 'அண்ணர் சொன்னாக் கேள்' எண்டு தெருவுக்கே கேக்கக் கத்தினார்." கணேசன் சிரித்தார். "அஞ்சு வருசமா அவளைக் கூப்பிட ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்தனான் மிஸ். கிடைச்சா விடுவனோ?"